அம்மாவுக்கு இரும்பு மாத்திரை வேண்டாம்

அம்மாவுக்கு ரத்தசோகை என்று காதில் விழுந்தால் போதும், பார்க்க வருகிற ஒவ்வொருவரும் இரும்புச்சத்துக்கு ஒரு வழி சொல்லிவிட்டுப் போகிறார்கள். அம்மா பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டுக்கொள்வாள். அவர்கள் படியிறங்கியதும், "என் உடம்புல இருக்கற இரும்பை எடைக்குப் போடலாம்டி" என்பாள். நிஜம்தான். உடம்பில் சேர்ந்திருக்கும் இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு அவளுக்கு ஆயிரத்தைத் தாண்டிவிட்டது.

அவளுக்கு வந்திருப்பது எம்.டி.எஸ்., அதாவது மைலோடிஸ்பிளாஸ்டிக் சின்ட்ரோம். எலும்பு மஜ்ஜை சும்மா இருக்கவில்லை, மும்முரமாக வேலை செய்கிறது. ஆனால் சிவப்பணுக்கள் முழுதாக வளர்வதற்குள் மஜ்ஜைக்குள்ளேயே பெரும்பாலும் செத்துப்போகின்றன. மஜ்ஜையை எடுத்துப் பார்த்தபோது, வளராத செல்களின் உட்கருவைச் சுற்றி இரும்பு வளையம் கட்டி நின்றது. ரிங் சிடரோபிளாஸ்ட் என்கிறார்கள். வந்த இரும்பையே பயன்படுத்தத் தெரியாத மஜ்ஜைக்கு இன்னும் இரும்பு எதற்கு?

ரத்தம் ஏற்றினால் உடனே தெம்பு வரும். ஆனால் ஒரு யூனிட்டோடு 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பும் உள்ளே போகிறது. மிஞ்சியதை வெளியே தள்ள உடம்புக்கு வழி கிடையாது. கல்லீரலிலும் இதயத்திலும் படிந்துவிடும். அதை வெளியேற்றத்தான் டெஃபராசிராக்ஸ் மாத்திரை. சிறுநீரகத்தைக் கண்காணித்துக்கொண்டே கொடுக்க வேண்டிய மருந்து.

முதலில் எரித்ரோபொய்டின் ஊசி போட்டார்கள். சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் ஹார்மோன் அது. ரத்தத்தில் அந்த ஹார்மோன் ஏற்கெனவே 500க்கு மேல் இருந்தால் ஊசியால் பெரிய பலன் இருக்காது என்பதால், அளவைப் பார்த்துவிட்டே தொடங்கினார்கள். கொஞ்ச காலம் கேட்டது, அப்புறம் கேட்கவில்லை. இப்போது லஸ்பாடர்செப்ட். இந்த வளைய வகைக்கு, எரித்ரோபொய்டின் பலிக்காதவர்களுக்காக, 2020இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து. சிவப்பணு முதிர்கிற கடைசிக் கட்டத்தில் அது கைகொடுக்கிறது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை, தோலுக்கு அடியில். ஒவ்வொரு முறையும் ஹீமோகுளோபினும் பி.பி.யும் பார்த்த பிறகே ஊசி. நோயையே தீர்ப்பது ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை மட்டும்தான். அம்மாவின் வயதுக்கும் இதயத்துக்கும் அது தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஹீமோகுளோபின் எட்டா, எட்டரையா என்று நான் இப்போது மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. ஒருமுறை ரத்தம் ஏற்றியதற்கும் அடுத்த முறைக்கும் இடைவெளி நீள்கிறதா என்றுதான் பார்க்கிறேன். நீள்கிறது, மெதுவாக. அம்மாவின் கணக்கு வேறு: நின்றுகொண்டே தலைவாரிப் பின்னிக்கொள்ள முடிந்தால் அது நல்ல வாரம்.

கிலோவுக்கு 1 மில்லிகிராமில் தொடங்கிய ஊசி, 1.75 வரை போகலாமாம். அடுத்த முறை அளவைக் கூட்டுவார்களா என்று கேட்க வேண்டும். அம்மா கேட்கச் சொல்லியிருப்பது, வயிற்றில் குத்தாமல் கையில் குத்துவார்களா என்று. கையிலும் போடலாம், தொடையிலும் போடலாம். சொன்னேன். "நீ சொல்லாதே, அவர் சொல்லட்டும்" என்கிறாள்.