எல்பேயில் தண்ணி எவ்வளவு போகுது?

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் போய் இறங்கிய மறுநாள் வீட்டுக்குப் போன் செய்தேன். அம்மா சாப்பாட்டையும் குளிரையும் விசாரித்தார். தாத்தா போனை வாங்கி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “ஏம்மா, அந்த ஊர்ல ஆறு இருக்கா? தண்ணி எவ்வளவு போகுது?”

தாத்தா லால்குடிப் பக்கம் நெல் போட்டவர். இன்றைக்கும் காலையில் பேப்பர் வந்தால் முதலில் பார்ப்பது மேட்டூர் அணையின் நீர்மட்டத்தைத்தான். 120 அடி என்று போட்டிருந்தால் அன்று முழுக்க முகத்தில் ஒரு தெளிச்சி இருக்கும். நல்லவேளை, எல்பே ஆற்றுக்கும் அப்படியொரு கணக்கு இருக்கிறது. டிரெஸ்டனில் ஆற்று மட்டத்தை அளந்து இணையத்தில் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஞாயிறுதோறும் அந்த எண்ணைப் பார்த்துத் தாத்தாவுக்குச் சொல்வது என் வேலையாயிற்று. “ஒன்றரை மீட்டர் தாத்தா” என்றால், “அஞ்சடி. சரி, பரவாயில்லை” என்பார்.

நான் படிப்பது சிவில். மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் அக்டோபர் முதல் மார்ச் வரை ஒரு செமஸ்டர், டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில். அங்கே முதல் வகுப்பு காலை 7.30 மணிக்கு. டிசம்பரில் அந்நேரம் கும்மிருட்டு. நெரிசலான 61ஆம் எண் பேருந்தில் நின்றபடி போய், கோட்டைக் கழற்றி உட்காரும்போது ஜன்னலுக்கு வெளியே இன்னும் தெருவிளக்கு எரிந்துகொண்டிருக்கும். விரிவுரை முடிந்ததும் யாரும் கைதட்ட மாட்டார்கள். எல்லோரும் விரல் முட்டியால் மேசையைத் தட்டுவார்கள். முதல் நாள் நூறு மேசைகள் ஒன்றாக அதிர்ந்ததும் என்னவோ தகராறு என்று திடுக்கிட்டேன். பேராசிரியருக்கு நன்றி சொல்லும் முறை அது என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். அடுத்த வகுப்பிலிருந்து நானும் தட்டினேன், மனசார.

விடுதியில் நாலு பேருக்கு ஒரு சமையலறை. ஃபிரிட்ஜில் ஆளுக்கு ஒரு தட்டு. பக்கத்து அறை கொரியப் பெண்ணுக்கு நவம்பரில் சளி பிடித்தபோது மிளகு ரசம் வைத்துக் கொடுத்தேன். அப்புறம் சளி இல்லாத நாளிலும் டம்ளரோடு வந்து நிற்பாள். காலி பிளாஸ்டிக் பாட்டிலைக் கடையில் உள்ள இயந்திரத்தில் போட்டால் 25 சென்ட் திரும்பக் கிடைக்கும். அதனால் கதவோரம் எப்போதும் ஒரு பாட்டில் மூட்டை இருக்கும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் கிடையாது என்பதால் சனிக்கிழமையே எல்லாம் வாங்கிவிட வேண்டும். பெரிய ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைகள் மட்டும் ஞாயிறும் திறந்திருக்கும். இது தெரியவே எனக்கு ஒரு மாதம் ஆனது.

பரிமாற்ற மாணவர்கள் பலர் வெள்ளிக்கிழமை மாலை பையைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறிவிடுவார்கள். ஒரு வாரம் ரோம், அடுத்த வாரம் பார்சிலோனா. எனக்கும் ஆசை இருந்தது, காசு இல்லை. ஆனால் செமஸ்டர் கட்டணத்தோடு ரயில் பயணச்சீட்டும் சேர்ந்தே வந்திருந்தது. சுவரில் மாட்டியிருந்த வழித்தட வரைபடத்தில் எஸ் 1 என்ற கோடு ஏறக்குறைய வழி முழுக்க எல்பேயை ஒட்டியே போனது. மேற்கே மைசனிலிருந்து கிழக்கே செக் எல்லை வரை. சரி, இந்த ஒரு ரயிலையே பார்த்து முடிப்போம் என்று கிளம்பினேன். இன்று யோசித்தால், காசு நிறைய இருந்திருந்தாலும் இதைத்தான் செய்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. ஒரே ஆற்றை ஐந்து மாதம் பார்த்தால்தான் அது ஏறுவதும் இறங்குவதும் நம் கண்ணுக்குப் பிடிபடும்.

முதலில் போனது ராட்டன். ரயில் நிலையம் ஒரு கரை, ஊர் மறு கரை. நடுவே பாலம் கிடையாது, படகுதான். அந்தப் படகில் எஞ்சின் சத்தமே இல்லை. தண்ணீர் ஓடிவரும் பக்கம் தொலைவில் நங்கூரமிட்ட நீளமான கம்பிவடம் ஒன்று படகைப் பிடித்திருக்கிறது. படகோட்டி முகப்பைக் கொஞ்சம் சாய்த்துப் பிடிக்கிறார். ஓடிவரும் தண்ணீர் சாய்வான பக்கத்தில் மோதிப் படகைக் குறுக்கே தள்ளுகிறது. ஆற்றைக் கடக்க ஆற்றின் வேகமே போதும். விசை வரைபடமாக வகுப்பில் எத்தனையோ முறை போட்டதுதான், காலடியில் நடக்கும்போது வேறு மாதிரி இருந்தது. இறங்க மனமில்லாமல் திரும்பவும் ஏறி இரண்டு தடவை போய் வந்தேன். படகோட்டி ஒன்றும் கேட்கவில்லை, சிரித்தார்.

மறுகரையிலிருந்து காட்டுப்படிகளில் முக்கால் மணி நேரம் ஏறினால் பாஸ்டாய். ஆற்றிலிருந்து 194 மீட்டர் உயரத்தில் விரல் விரலாக நிற்கும் மணற்பாறைகள். அவற்றுக்கிடையே 1851இல் கட்டிய கல்பாலம், 76 மீட்டர் நீளம், ஏழு வளைவுகள். அதற்கு முன்பு அங்கே மரப்பாலம் இருந்ததாம். கைப்பிடிச் சுவரில் உள்ளங்கையை வைத்தேன். சொரசொரவென்று, தேய்த்தால் மணல் உதிர்ந்தது. அக்டோபர் கடைசி, மலை முழுக்க மஞ்சள் இலை. அந்தப் பகுதியைச் ‘சாக்சன் சுவிட்சர்லாந்து’ என்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டில் டிரெஸ்டன் கலைக்கழகத்துக்கு வந்த இரண்டு சுவிஸ் ஓவியர்களுக்கு அது தங்கள் ஊரை நினைவுபடுத்தியதால் வந்த பெயராம்.

அந்த மணற்கல்தான் ஆற்று வழியே டிரெஸ்டனுக்குப் போய் ஊரே ஆனது. நகர மையத்தில் உள்ள ஃபிராவன்கிர்ஷே தேவாலயமும் அந்தக் கல்தான். 1945 பிப்ரவரி 13 இரவு தொடங்கிய குண்டுவீச்சில் நகரம் எரிந்தது. தேவாலயம் ஒரு நாள் தாக்குப்பிடித்து, 15ஆம் தேதி காலை இடிந்து விழுந்தது. பல பத்தாண்டுகள் கற்குவியலாகவே கிடந்தது. பிறகு ஒவ்வொரு கல்லாக அடையாளம் கண்டு, பயன்பட்ட பழைய கற்களையும் புதிய கற்களையும் சேர்த்துக் கட்டி 2005இல் திறந்தார்கள். வெளுத்த சுவரில் அங்கங்கே கறுப்புக் கற்கள். எல்லாம் தீயில் கருகியவை என்றே நினைத்திருந்தேன். எல்பே மணற்கல் வயதாக ஆகத் தானாகவே கறுக்குமாம். அப்படியானால் புதுக் கற்களும் ஒருநாள் பழைய கற்களின் நிறத்துக்கு வந்துவிடும். வகுப்பு இல்லாத மாலைகளில் அந்தச் சுவர் எதிரே போய் உட்காருவேன்.

மைசன் அழகான ஊர். தங்கம் செய்கிறேன் என்று சொல்லி அரசனிடம் மாட்டிக்கொண்ட பியோட்கர் கடைசியில் பீங்கான் செய்யும் முறையைக் கண்டுபிடித்ததில் பங்காற்ற, 1710இல் அங்கே ஐரோப்பாவின் முதல் பீங்கான் ஆலை வந்தது. அங்குள்ள ஒரு தேவாலயத்தின் மணிகளே பீங்கான். தாத்தாவுக்கு இதிலெல்லாம் அக்கறை இல்லை. செக் எல்லைக்குச் சற்று முன்னால் உள்ள பாட் ஷண்டா ஊரில் ஒரு சுவரில் வெட்டியிருந்த வெள்ளக் கோடுகளைப் படமெடுத்து அனுப்பியதும்தான் அவரே போன் செய்தார். 2002ஆம் ஆண்டுக் கோடு, நான் கையை உயர்த்தினாலும் எட்டாத உயரத்தில் இருந்தது. அந்த ஆகஸ்டில் டிரெஸ்டனில் எல்பே 9.40 மீட்டர் மட்டத்தைத் தொட்டது. வழக்கமாக நான் சொல்வது ஒன்றரை, இரண்டு. தாத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் 1977இல் திருச்சிக்குள் வெள்ளம் வந்த கதையை முழுவதும் சொன்னார். எத்தனையோ முறை கேட்ட கதை, அன்று ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன்.

வெள்ளத்துக்குக் கோடு இருப்பதுபோல வறட்சிக்கும் ஒரு கல் இருக்கிறது. எல்லை தாண்டி, செக் நாட்டின் டெச்சீன் ஊரில். ‘பசிக்கல்’ என்று பெயர். ஆறு வற்றினால் மட்டும் வெளியே தெரியும். அதில் 1616 என்ற ஆண்டைப் படிக்க முடியும், பின்னால் வந்த பல வறட்சி ஆண்டுகளும் உண்டு. ஒரு வரி ஜெர்மனில் இருக்கிறது: ‘என்னைக் கண்டால் அழு.’ ஆறு வற்றினால் விளைச்சல் போகும், படகுகள் ஓடாது, ரொட்டி விலை ஏறும்.

பிப்ரவரியில் தேர்வுகள் முடிந்த சனிக்கிழமை, பாட் ஷண்டாவில் சின்ன ரயில் மாறி டெச்சீன் போனேன். மேட்டூரை ஜனவரி 28ஆம் தேதியே மூடியிருந்தார்கள். எங்கள் ஊரில் வெறும் மணல்தான் என்று அம்மா சொல்லியிருந்தார். இங்கே மலைப்பனி உருகி, ஆறு பழுப்பாகச் சுழித்துக்கொண்டு போனது. பாலத்தருகே கரையில் நின்று வீடியோ அழைப்பு போட்டேன். ஊரில் இரவு ஏழரை. தாத்தா கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு வந்தார்.

“கல்லு எங்கம்மா?”

“தண்ணிக்குள்ள இருக்கு தாத்தா. தெரியலை.”

“தெரிய வேண்டாம், விடு” என்றார். “நீ ஆத்தையே காட்டு.”

போனை ஆற்றுப் பக்கம் திருப்பினேன். தாத்தா எதுவும் பேசவில்லை. குளிரில் விரல் மரத்துப்போய்க் கையை மாற்றியபோது மட்டும், “ஆட்டாம புடி” என்றார்.