சோம்பேறி என்று திட்டியது தவறு

என் மகனுக்கு 15 வயது. காலையில் எழுப்பினால் கண் திறக்கவே அரைமணி நேரம் ஆகும், சோம்பேறி என்று ரொம்ப நாள் திட்டியிருக்கிறேன், அது தவறு. பருவ வயதில் தூக்கத்துக்கான மெலடோனின் என்ற ஹார்மோன் சுரப்பதே ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிப்போகிறது, அதனால் சீக்கிரம் படு என்றால் உண்மையிலேயே தூக்கம் வராது. ஆனால் 13 முதல் 18 வயது வரை தினமும் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும், பள்ளியோ காலையிலேயே தொடங்கிவிடுகிறது.

அப்புறம் சாப்பாடு. இதை யாருமே கவனிப்பதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். எப்போது தூங்குவது, எப்போது விழிப்பது என்று சொல்லும் உடல் கடிகாரம் மூளையில் இருக்கிறது, அது வெளிச்சத்தைப் பார்த்து ஓடுகிறது, கல்லீரல் போன்ற உறுப்புகளின் கடிகாரங்களோ சாப்பிடும் நேரத்தையும் பார்க்கின்றன; காலையில் வெறும் வயிறு, நள்ளிரவில் வயிறு முட்ட என்று போனால் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். வகுப்பில் கண் சொருகாமல் என்ன செய்யும்? மாலையில் காபி குடித்தால் அதில் தூக்கத்தை விரட்டும் கஃபீனில் பாதி, சுமார் 5 மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும்.

சரி, நாங்கள் எழும் நேரத்தை மட்டும் பிடித்துக்கொண்டோம். விடுமுறையிலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளுவதில்லை, எழுந்ததும் ஜன்னலைத் திறந்து வெளிச்சம், பிறகு கொஞ்சமாவது சாப்பாடு. மூன்றாவது வாரம் அவனே அலாரத்துக்கு முன்னால் எழுந்து வந்தான்.