தேரடியில் ஏறி வண்டலூரில் இறங்கி: வெள்ளைப்புலியைச் சாம்பலாக்காமல் எடுப்பது

வடசென்னைக்காரர்களுக்கு வண்டலூர் இப்போது அவ்வளவு தூரமில்லை. 2021-இல் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்டபிறகு, திருவொற்றியூர் தேரடியில் ஏறி விமான நிலையத்தில் இறங்கி, எதிரே திரிசூலத்தில் செங்கல்பட்டு மின்சார ரயிலைப் பிடித்தால் போதும். செவ்வாய்க்கிழமை உயிரியல் பூங்காவுக்கு விடுமுறை. கேமராவுக்குத் தனிக் கட்டணம்.

மெட்ரோவின் ஏசியிலிருந்து வெளியே வந்தவுடன் கேமராவை எடுக்காதீர்கள். குளிர்ந்த லென்ஸில் நம்மூர்ப் புழுக்கம் பட்டால் ஆவி படியும். படம் பால் ஊற்றியதுபோல வெளுக்கும். எந்தச் செயலியாலும் அதை முழுசாகத் துடைக்க முடியாது. ஒரு இருபது நிமிடம் மூடிய பையிலேயே இருக்கட்டும்.

நிறத்தைத் திருத்துவதற்கு முன் வெளிச்சத்தைத் திருத்த வேண்டும். கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுச்சாம்பலாக்கத்தான் முயலும். கொக்கும் சாம்பல், காக்கையும் சாம்பல். அதனால்தான் சட்டகத்தை நிறைத்து எடுத்த வெள்ளைப்புலி அழுக்காகவும், கரடி சாயம் போன கம்பளிபோலவும் வருகின்றன. வெள்ளைக்கு எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +0.7 முதல் +1 வரை ஏற்றுங்கள். கரடிக்கு அதே அளவு இறக்குங்கள். போனில் விலங்கின்மேல் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியை நகர்த்தினால் போதும். ஆனால் புலி சின்னதாகவும் பின்னால் இருட்டுப் புதரும் இருந்தால் கணக்கு தலைகீழ்: அப்போது இறக்க வேண்டும். ஹிஸ்டோகிராம் (இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டும் வரைபடம்) வலது ஓரச் சுவரில் முட்டினால் அந்த ரோமம் போனது போனதுதான். இதைப் பழக டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை. எண்ணூர் முகத்துவாரத்தில் கொக்கு உண்டு, காசிமேட்டில் காக்கைக்குப் பஞ்சமே இல்லை.

ரா கோப்பாக (கேமரா பதப்படுத்தாத மூலப்படமாக) எடுங்கள். ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள். 14 பிட் ராவில் 16,384. நிழலை மேலே இழுக்கும்போது வித்தியாசம் தெரியும்.

இனி நிறம். மரத்தடியில் நிற்கும் விலங்கின்மேல் விழுவது இலை வடிகட்டிய பச்சை வெளிச்சம். திருத்தும் செயலியில் நிற வெப்பநிலையை (நீலம்-மஞ்சள் சமநிலையை) மட்டும் 5500 கெல்வினிலிருந்து 6500, 7000 என்று ஏற்றினால் பச்சையோடு மஞ்சளும் சேரும், அவ்வளவுதான். டின்ட்டை (பச்சை-மெஜந்தா சமநிலையை) மெஜந்தா, அதாவது ஊதா கலந்த சிவப்புப் பக்கம் 10 முதல் 20 வரை நகர்த்த வேண்டும். தொட்ட இடத்தைச் சாயலற்றதாகக் கொண்டு நிறத்தைச் சரிசெய்யும் சொட்டுக்குழாய்க் கருவியை வெள்ளைப்புலியின் ரோமத்தில் வைப்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. அது தூய வெள்ளை அல்ல, பாலாடை நிறம். அதை வெள்ளையாக்கினால் படம் முழுக்க நீலம் ஏறும். யானையும் ஏமாற்றும்: வாரி இறைத்துக்கொண்ட மண்ணின் நிறம்தான் தோலில் தெரியும். நீர்யானைக்கோ சிவப்பாக ஒரு கசிவு சுரக்கும், கண்ணைச் சுற்றி இயல்பாகவே இளஞ்சிவப்பு, அதைத் 'திருத்தி'விடாதீர்கள். எந்த நிறச் சாயலும் இல்லாத சாம்பல் அட்டை ஒன்றை அதே நிழலில் பிடித்து முதலில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, சொட்டுக்குழாயை அதில் வைப்பது மேல். ஏ4 தாள் வேண்டாம். அதில் சேர்க்கும் வெளிர்ப்புப் பொருள் நீலம் காட்டும்.

சாதாரணப் புலியில் சிவப்புச் சேனல் (படத்தின் சிவப்புப் பங்கு)தான் முதலில் நிரம்பும். சாச்சுரேஷனை (நிறச் செறிவை) ஏற்றினால் ரோமம் மறைந்து ஆரஞ்சுப் பெயின்ட் மிஞ்சும். மங்கிய நிறங்களையே அதிகம் ஏற்றும் வைப்ரன்ஸ் 10 போதும். மயில் கழுத்தில் இதே கதை நீலத்தில்.

பாம்புப் பகுதியில் கண்ணாடியும் செயற்கை விளக்கும் சேர்ந்து படுத்தும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டரை 1/500 நொடி வைத்தால் ஒவ்வொரு படமும் ஒவ்வொரு நிறம், சிலதில் பட்டைகூட விழும். 1/50 அல்லது 1/100 வையுங்கள். பாம்பு எங்கே ஓடப்போகிறது! லென்ஸைக் கண்ணாடியை ஒட்டிப் பிடித்துச் சுற்றிக் கறுப்புத் துணி போடுங்கள், ஃபிளாஷ் கூடாது. கண்ணாடி தரும் வெளிறலுக்குக் கருமைப் புள்ளியை (படத்தின் மிகக் கறுத்த பகுதியை) கொஞ்சம் இறக்கி, டீஹேஸ் (மங்கல் நீக்கி) 10 முதல் 15 வரை. அதற்குமேல் போனால் செதில்கள் கரி பிடித்ததுபோல ஆகும்.

போனுக்கு ஸ்னாப்சீட், கணினிக்கு டார்க்டேபிள்: இரண்டு செயலிகளும் இலவசம். இவற்றில் பெரும்பாலானதை அவற்றிலேயே செய்யலாம். திரையில் கண் காக்கும் மஞ்சள் வெளிச்சத்தை அணைத்துவிட்டு உட்காருங்கள், பிரகாசத்தையும் பாதிக்குக் குறையுங்கள். முழுப் பிரகாசத்தில் திருத்திய படம்தான் ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டால் இருண்டு வரும். எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிற வரம்பில் சேமித்து, 4-க்கு 6 அங்குலத்தில் ஒன்று மட்டும் போட்டுப் பாருங்கள். இன்னும் இருட்டாக இருந்தால் எக்ஸ்போஷரை 0.3 ஏற்றி மறுபடி ஒன்று. பெரிய அளவு அதற்கப்புறம்.