கடல் வரை கூடவே வரும் ஆறு

பிரிஸ்டலுக்குப் புதிதாகக் குடிவரும் தமிழ்க் குடும்பங்கள், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நடக்க நல்ல இடம் எது என்று என்னிடம் கேட்பதுண்டு. நான் யோசிக்காமல் சொல்லும் பெயர் லின்மத். இங்கிலாந்தின் வடக்கு டெவன் கடற்கரையில், எக்ஸ்மூர் தேசியப் பூங்காவின் ஓரத்தில் இருக்கிறது அந்தச் சிற்றூர். காரில் போக ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும். வழியில் போர்லாக் ஏற்றம் ஒன்று உண்டு. நான்கடி போனால் ஓரடி உயரும் அளவுக்குச் செங்குத்தானது. பின் இருக்கையில் வயிறு புரட்டும் பிள்ளை இருந்தால் அந்த ஏற்றத்தை விட்டுவிட்டு, பக்கத்திலேயே வளைந்து வளைந்து போகும் சுங்கச் சாலையில் காசு கொடுத்துப் போய்விடுங்கள். கொடுக்கும் காசுக்குத் தகுந்த சாலைதான்.

அழகான இடங்கள் இந்த நாட்டில் ஏராளம். நான் லின்மத்தைச் சொல்வதற்கு வேறு காரணம் இருக்கிறது. காட்டுக்குள் ஓடிவரும் ஓர் ஆற்றோடு நடந்து, அது கடலில் கலப்பதை ஒரு சிறு பிள்ளை தன் கால்களாலேயே போய்ப் பார்த்துவிட முடிகிற இடம் அது. நான் மதுரைக்காரி, வைகையைப் பார்த்து வளர்ந்தவள். ராமநாதபுரம் பெரிய கண்மாயை நிரப்பிவிட்டு மிச்சம் இருந்தால்தான் வைகைக்குக் கடல். ஆறு கடலைச் சேர்வதை என் பிள்ளைகள் சிறு வயதிலேயே பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை இருந்தது.

ஈஸ்ட் லின் என்பது அந்த ஆற்றின் பெயர். லின்மத் துறைமுகத்தில் தொடங்கி, ஆற்றை எதிர்த்து மேலே நடந்தால் சுமார் 3 கிலோமீட்டரில் வாட்டர்ஸ்மீட் வந்துவிடும். ஹோர் ஓக் வாட்டர் என்ற இன்னொரு சிற்றாறு பாறைகளின் மேல் விழுந்து வந்து ஈஸ்ட் லின்னோடு சேரும் இடம் அது. மேலே சாலையோரம் காரை நிறுத்திவிட்டு நேராக வாட்டர்ஸ்மீட்டுக்கு இறங்கும் குறுக்கு வழியும் உண்டு. பலர் அப்படித்தான் வருகிறார்கள். ஆனால் பிள்ளைகளோடு வருபவர்கள் கீழேயிருந்து ஏறுவதே நல்லது. கால் புதிதாக இருக்கும்போது ஏற்றம், களைத்த பிறகு இறக்கம். போகும்போது வாட்டர்ஸ்மீட்டில் கிடைக்கப்போகும் தின்பண்டம் இழுத்துக்கொண்டு போகும். வரும்போது கடல் இழுத்துக்கொண்டு வரும். நடுவில் யாரையும் அதட்ட வேண்டியிருக்காது.

குழந்தைத் தள்ளுவண்டி இந்தப் பாதைக்கு ஆகாது. படிகளும் வேர்களும் ஈரக் கற்களும் உண்டு. கைக்குழந்தை இருந்தால் முதுகில் கட்டிக்கொள்ளுங்கள். மழை பெய்த மறுநாள் என்றால் ரப்பர் பூட்ஸும், ஒவ்வொரு பிள்ளைக்கும் கூடுதலாக ஒரு ஜோடி காலுறையும் வேண்டும்.

பாதை நெடுகிலும் ஓக் மரங்கள். ஆலையும் அரசையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இவை ஒல்லியாகவும் கோணலாகவும் தெரியும். முன்பு தோல் பதனிடப் பட்டைக்காகவும் கரிக்காகவும் வெட்டப்பட்டு, அடியிலிருந்து மறுபடி துளிர்த்ததால் ஒரே தூரிலிருந்து நாலைந்து தண்டுகள் கிளம்பியிருக்கின்றன. ஒவ்வொரு தண்டும் முழங்கை வரை பச்சை உறை போட்டதுபோல் பாசி போர்த்தியிருக்கும். கடல் காற்றின் ஈரம் இந்தப் பள்ளத்தாக்கில் தங்கிவிடுவதால் வளரும் பாசி அது. இந்த வகை ஓக்கின் காய்க்குக் காம்பு கிடையாது. கிளையோடு ஒட்டியே உட்கார்ந்திருக்கும். இதை ஒருமுறை காட்டிக்கொடுத்த பிறகு என் மகள் எந்தப் பூங்காவுக்குப் போனாலும் ஓக் காயை எடுத்துத் திருப்பிப் பார்க்காமல் விடுவதில்லை. வசந்த காலத்தில் போனால் காட்டுப்பூண்டின் வாசனை தூக்கும். ஏப்ரல், மே மாதங்களில் ஆற்றோரமாக மஞ்சள் பச்சையாகப் பூத்திருக்கும் ஐரிஷ் ஸ்பர்ஜ் என்ற செடியையும் தேடிப் பாருங்கள். இங்கிலாந்தில் வெகு சில இடங்களில் மட்டுமே வளர்வது. அதன் பால் தோலில் பட்டால் எரியும் என்பதால், பிள்ளைகள் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் பார்க்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு விதி.

ஆனால் என் மகனுக்கு மரமும் செடியும் பொருட்டே இல்லை. அவனுக்கு டிப்பர் பறவை வேண்டும். குட்டை வால், பழுப்பு உடம்பு, கழுத்தின் கீழே வெள்ளை மார்பு. ஆற்றின் நடுவே உள்ள கல்லில் நின்றுகொண்டு முழங்காலை மடக்கி மடக்கித் தோப்புக்கரணம் போடும். திடீரென்று ஓடும் தண்ணீருக்குள் நடந்தே இறங்கிவிடும். ஆம், நீருக்கடியில் நடந்து, கற்களுக்கு இடையே உள்ள பூச்சிகளைப் பொறுக்கிவிட்டு, கொஞ்சம் தள்ளி இன்னொரு கல்லில் ஏறி நிற்கும். ஒருமுறை பத்தடி தூரத்தில் ஒன்று நின்றது. அது கண் சிமிட்டும்போது இமை வெள்ளையாகப் பளிச்சிட்டு மறைவதுகூடத் தெரிந்தது. மகன் மூச்சு விடாமல் பார்த்திருந்தான். பிறகு தானும் ஒரு கல்லில் ஏறி நின்று தோப்புக்கரணம் போடத் தொடங்கினான். அந்த இடத்தைத் தாண்டி நகர எங்களுக்கு வெகு நேரமாயிற்று. நகர வேண்டிய அவசியமும் இல்லை. பிள்ளைகளோடு நடக்கும்போது கிலோமீட்டர் கணக்கைக் கழற்றி வைத்துவிட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

போன கோடையில் என் அம்மா மதுரையிலிருந்து வந்திருந்தார். முட்டி வலி உள்ளவர். கைத்தடியோடு, பெஞ்சு கண்ட இடத்திலெல்லாம் உட்கார்ந்து எழுந்து, வாட்டர்ஸ்மீட் வரை வந்துவிட்டார். இரண்டு ஆறுகளும் சேரும் இடத்தில் பாலத்தின் கைப்பிடியைப் பிடித்தபடி வெகு நேரம் நின்றார். பிறகு, "இவ்வளவு தண்ணீரும் வீணாகக் கடலுக்கா போகிறது?" என்றார். வைகைக் கரையில் பிறந்த எவருக்கும் முதலில் வரும் கேள்வி அதுதான்.

"வீணாகப் போகவில்லை அம்மாச்சி" என்றாள் என் மகள். "சால்மன் மீன் கடலிலிருந்து இந்த வழியாகத்தான் முட்டையிட வரும். தண்ணீர் கடல் வரை போகாவிட்டால் அது எப்படி வீட்டுக்கு வரும்?"

அம்மா அவளையே பார்த்தார். "அப்படிச் சொல்லு கண்ணு" என்று தலையைத் தடவிக் கொடுத்தார்.

வாட்டர்ஸ்மீட்டில் இருக்கும் வீடு 1832இல் மீன்பிடி மாளிகையாகக் கட்டப்பட்டது. இப்போது பழைய இடங்களையும் இயற்கையையும் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையின் பராமரிப்பில் தேநீர்க் கடையாக இருக்கிறது. புல்வெளியில் உட்கார்ந்து சூடான ஸ்கோன் என்ற சிறு ரொட்டியைப் பிளந்து, டெவன் வழக்கப்படி முதலில் கெட்டிப் பாலேடு, அதன்மேல் ஜாம். அம்மாவுக்கு அந்தப் பாலேடு மிகவும் பிடித்துப்போயிற்று.

திரும்பி இறங்கும்போது ஆறு கூடவே ஓடிவரும். காடு முடிந்து வீடுகள் தொடங்கும் இடத்தில், இந்தச் சிறிய ஆற்றுக்கு எதற்கு இவ்வளவு அகலமான கால்வாயும் இவ்வளவு பெரிய கற்சுவர்களும் என்று மகள் கேட்டாள். இதற்கான பதிலைப் பிள்ளைகளிடம் மறைக்கக்கூடாது என்பது என் எண்ணம். 1952ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று, ஏற்கெனவே ஊறிக் கிடந்த எக்ஸ்மூர் மேட்டு நிலத்தில் ஒரே நாளில் சுமார் 23 சென்டிமீட்டர் மழை கொட்டியது. பள்ளத்தாக்குகள் செங்குத்தானவை, ஆறுகளோ குட்டையானவை. தண்ணீர் நின்று நிதானிக்க இடமில்லை. அடித்து வந்த மரங்களும் பாறைகளும் பாலங்களில் அடைத்துக்கொண்டன. அடைப்பு உடைந்தபோது வெள்ளம் ஊருக்குள் பாய்ந்தது. ஊரில் ஈஸ்ட் லின்னோடு வந்து சேரும் வெஸ்ட் லின் ஆறு, கட்டடங்களுக்காகத் திருப்பிவிடப்பட்டிருந்த தன் பழைய வழியை அந்த இரவில் திரும்ப எடுத்துக்கொண்டது. 34 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் ஆற்றுக்கு இந்த அகலத்தைக் கொடுத்தார்கள். லின்மத்தில் உள்ள வெள்ள நினைவு மண்டபத்தில் அந்நாளைய புகைப்படங்கள் இருக்கின்றன. மகள் ஒவ்வொன்றையும் நின்று பார்த்தாள். வெளியே வந்ததும் ஆற்றுக்கு மதிப்புக் கொடுத்தவள்போல் கரையிலிருந்து ஓரடி தள்ளியே நடந்தாள்.

ஆறு துறைமுகத்தைத் தாண்டிப் போய்ச் சேரும் பிரிஸ்டல் சேனல் கடலில் நீர்மட்டத்தின் ஏற்ற இறக்கம் உலகிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று. வற்றம் இருக்கும்போது போனால் கல் படுகையில் ஆறு நெளிந்து போய்க் கடலைத் தொடுவதைப் பார்க்கலாம். கடல் ஏறியிருக்கும்போது போனால் கடலே ஊருக்குள் வந்து ஆற்றைத் தொடும். கிளம்பும் முன் அலை அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கு மேல் நடக்க மாட்டேன் என்று பிள்ளைகள் உட்கார்ந்துவிட்டால், லின்மத்தையும் மேலே உள்ள லின்டனையும் இணைக்கும் குன்று ரயில் இருக்கிறது. 1890இல் திறக்கப்பட்டது. எஞ்சினும் இல்லை, மின்சாரமும் இல்லை. ஒரே கயிற்றில் பிணைத்த இரண்டு பெட்டிகள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு தண்ணீர்த் தொட்டி. மேல் பெட்டியில் வெஸ்ட் லின் ஆற்றுத் தண்ணீர் நிரம்பியிருக்க, கீழ்ப் பெட்டி தன் தண்ணீரைத் திறந்துவிட்டால், மேலே இருப்பது பாரத்தால் இறங்கி, கீழே இருப்பதை 150 மீட்டர் உயரத்துக்கு இழுத்துவிடும். தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டதும் பெட்டி நகரத் தொடங்குவதை என் மகன் கைதட்டி வரவேற்றான். குளிர்கால மாதங்களில் ஓடாது.

இன்னும் சின்னப் பிள்ளைகள் என்றால் அங்கிருந்து மேற்கே சில மைல் தள்ளி இருக்கும் ஹெட்டன் பள்ளத்தாக்குக்குப் போங்கள். ஹண்டர்ஸ் இன் என்ற பழைய விடுதியருகே காரை நிறுத்திவிட்டு ஒரு மைல் நடந்தால் கடல். ஏற்றம் அதிகமில்லை. இருபுறமும் மலைச்சரிவில் உடைகற்கள் சரிந்து கிடக்கும். பனியுகக் குளிரில் பாறை விரிசல்களில் நீர் உறைந்து உறைந்து உடைத்துப் போட்ட கற்கள் அவை. ஜூன் கடைசியிலும் ஜூலையிலும், பெரணி வளர்ந்த சரிவுகளில் ஹை பிரவுன் பிரிட்டிலரி என்ற ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சி பறக்கும். பிரிட்டனில் மிக அருகிவிட்ட பட்டாம்பூச்சிகளில் ஒன்று. பெரணி நிழலில் வளரும் காட்டு வயலட் செடிதான் அதன் புழுவுக்கு உணவு. எனவே பாதையை விட்டு விலகாதீர்கள். கடற்கரையில் மணல் இல்லை, உருண்டைக் கற்கள் மட்டுமே. அங்கே ஒரு பழைய சுண்ணாம்புக் காளவாய் நிற்கிறது. எதிர்க்கரை வேல்ஸிலிருந்து படகில் சுண்ணாம்புக் கல்லும் நிலக்கரியும் வந்திறங்க, இங்கே சுட்டு, அமிலத்தன்மை மிகுந்த மண்ணைத் திருத்த வயல்களில் போட்டார்கள். பிள்ளைகள் காளவாய்க்குள் எட்டிப் பார்க்கட்டும். பிறகு, ஆறு கடலுக்குள் நுழையும் இடத்தில் கற்களை அடுக்கி அணை கட்டத் தொடங்கிவிடுவார்கள். அதற்கு மட்டும் ஒரு மணி நேரம் ஒதுக்கி வையுங்கள்.