அட்டையில் வருவதும் தராசில் நிற்பதும்

டிசம்பர் 31 இரவு, ஆராதனையோ திருப்பலியோ முடிந்ததும், ஆளுக்கொரு வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டைத் தட்டு வாசலுக்கு வரும். ராமேசுவரம் பக்கத்து மீன்பிடி ஊர்களில், மண்டபமோ பாம்பனோ, வந்த அட்டை பிடிக்காமல் நைசாகத் திரும்ப வைத்துவிட்டு இன்னொன்றை உருவுகிற ஆள் ஒருவராவது இருப்பார். கண்டிப்பு வசனம் எதையும் அந்தத் தட்டில் போடுவதில்லை. அப்படியும் இந்தத் தேடல்.

புது ஆண்டு முழுக்க மனதில் வைத்து நடக்க ஒரே ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்கும் வழக்கமும் உண்டு. அந்த அட்டையும் இந்தச் சொல்லும் ஒன்றல்ல. வாக்குத்தத்தம் தேவன் செய்வதாகச் சொன்னது. ஆண்டின் சொல், அவர் முன்னிலையில் நாம் செய்ய ஒத்துக்கொள்வது. இது குழம்பும்போதுதான் ‘ஆசீர்வாதம்’, ‘பெருக்கம்’, ‘பாதுகாப்பு’ என்றெல்லாம் சொற்கள் வந்து விழுகின்றன. மூன்றும் நல்லவைதான், மூன்றும் நம் கையில் இல்லை. 1964 டிசம்பர் 22, 23 புயலுக்குப் பிறகு கூரையில்லாமல் நிற்கிற தனுஷ்கோடி தேவாலயச் சுவரைப் பார்த்து வளர்ந்த கரைக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

அட்டைகளில் அடிக்கடி வருகிற எரேமியா 29:11-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ‘சமாதானத்துக்கேதுவான நினைவுகள்’ என்பதோடு நிறுத்திவிடுகிறோம். முந்தின வசனம், பாபிலோனில் எழுபது வருஷம் போக வேண்டும் என்கிறது. 5-ஆம் வசனம், சிறைப்பட்டுப் போன அந்த ஜனங்களை அங்கேயே வீடு கட்டச் சொல்கிறது, தோட்டம் போடச் சொல்கிறது. அந்த அதிகாரத்திலிருந்து சொல் எடுப்பதானால் ‘கட்டு’ என்று எடுக்கலாம். அதனால் ஒரு சொல்லை எடுக்கும் முன் முழு அதிகாரத்தையும் இரண்டு தடவை படித்துவிடுங்கள்.

கடைசி ராத்திரி உணர்ச்சியில் எடுத்த சொல் பொங்கல் தாண்டாது. கிறிஸ்து பிறப்புக்கு ஆயத்தமாகும் திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறிலிருந்தே தொடங்குவது நல்லது. கிறிஸ்துமஸுக்கு முன் நான்கு ஞாயிறுகள் கிடைக்கும். வாடைக் காற்றில் தொழில் மந்தமாக இருக்கும் நாட்களும் அதில் வரும். வேலையிடத்தில் ஆண்டு முழுக்க எந்த இடத்தில் திரும்பத் திரும்ப இடறினோம் என்று ஒரு தாளில் எழுதினால் போதும். அதிலிருந்து மூன்று சொல். கடைசியில் ஒன்று. அந்த ஒன்றையும் நம் குறை தெரிந்த ஒருவரிடம், வீட்டுக்காரியிடமோ கூட வேலை பார்ப்பவரிடமோ, சொல்லிப் பார்க்க வேண்டும். அவர் சிரித்தால் சொல் சரியான இடத்தில்தான் பட்டிருக்கிறது.

பண்புப் பெயரைவிடப் பொருளோ வினையோ நன்றாக நிற்கும். மீன் எடை போடுகிறவர் ‘நேர்மை’ என்று எடுத்தால் அது சுவரொட்டி மாதிரி மேலேயே தொங்கும். நீதிமொழிகள் 11:1-இல் ‘சுமுத்திரையான நிறைகல்’, அதாவது சரியான எடைக்கல், என்று வருகிறது. ‘நிறைகல்’ என்று எடுத்தால் அன்றைக்கே வேலை இருக்கிறது: காலையில் ஐந்து கிலோ எடைக்கல்லை வைத்துத் தராசைச் சரிபார்ப்பது, மீனை அள்ளும் முன் ஐஸ் தண்ணீரை வடியவிடுவது, வெறும் கூடையின் எடையை ஈரத்தோடு போட்டுக் கழிப்பது. காய்ந்த கூடையின் எடையைக் கழித்தால் கூடையிலிருக்கும் தண்ணீரும் மீன் விலைக்குப் போகும். கிராம் கணக்குதான். ஆனால் நாள் முழுக்கக் கூடைகள் போகின்றன.

‘பழுதுபார்’ இன்னொரு நல்ல சொல். மாற்கு 1:19-இல் யாக்கோபும் யோவானும் படவில் உட்கார்ந்து வலையைப் பழுதுபார்க்கிறார்கள். அங்கே வரும் கிரேக்க வினையேதான் கலாத்தியர் 6:1-இல், தவறிப் போனவனைச் ‘சீர்பொருந்தப்பண்ணுங்கள்’ என்ற இடத்திலும் வருகிறது. வலை வேலை தெரிந்தவருக்கு இது உடனே புரியும். கிழிசலைச் சுற்றி நைந்த கண்ணிகளை நல்ல நூல் தெரியும் வரை முதலில் நறுக்கிவிட வேண்டும். மூன்று நூல் பிரியும் முடிச்சில் தொடங்கி, அதேபோல் ஒரு முடிச்சில் முடிக்க வேண்டும். அவசரத்தில் கண்ணியைச் சின்னதாகப் போட்டால், இழுக்கும்போது பாரமெல்லாம் அங்கே விழுந்து பக்கத்திலேயே மறுபடி கிழியும். மீன் வருமானப் பங்குத் தகராறில் பேச்சு நின்றுபோன இருவரைச் சேர்த்துவைக்கிறவரும் இதே தப்பைத்தான் செய்கிறார்: பழைய நைந்த பேச்சை நறுக்காமல், இறுக்கி முடிந்துவிடுகிறார்.

சொல்லை எழுதிவைக்கிற இடம் கை தினமும் போகிற இடமாக இருக்கட்டும். டீசல் கணக்கு நோட்டின் உள்ளட்டை நல்ல இடம். போன் திரையில் போட்டால் ஒரு வாரத்தில் கண் பழகிவிடும். கூட வேலை பார்ப்பவர்களில் பாய்மாரும் இந்துக்களும் இருக்கும் கரை இது. ஐஸ் கம்பெனிச் சுவரில் ஒட்டி ஊருக்குக் காட்ட வேண்டிய அவசியமில்லை.

சோதனை ஏப்ரல் 15-இல் வருகிறது. ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில், வருமானம் இல்லை, எஞ்சின் வேலைக்கும் பலகை வேலைக்கும் கடன். ஜனவரியில் எடுத்த சொல்லுக்கு அந்த இரண்டு மாதத்தில் ஏதாவது வேலை இருந்ததா என்று படகு இறக்கும் முன் ஒரு மாலை உட்கார்ந்து பார்க்கலாம். ஒன்றுமே இல்லையென்றால் மாற்றிக்கொள்ளலாம், குற்றமில்லை. பொருத்தனை பண்ணினால் செலுத்தத் தாமதியாதே என்று பிரசங்கி 5:4 சொல்வது நேர்ச்சைக்கு. இது நேர்ச்சையல்ல.