பெயர் மாறும் வட்டுகள்

இரண்டு நோடுகள் (சர்வர்கள்) சேர்ந்து ஒரே டேட்டாபேஸை இயக்கும் ஓரக்கிள் கிளஸ்டர் ஒன்றை முதன்முதலாக அமைத்தபோது, இரண்டும் பகிரும் பொது வட்டுகளுக்கான அனுமதியைக் கையாலேயே கொடுத்தேன். இரண்டு சர்வரிலும் ரூட்டாக நுழைந்து உரிமையாளரை கிரிட் (கிளஸ்டர் மென்பொருளின் பயனர்) என்றும் குழுவை ஏஎஸ்எம்அட்மின் (ஓரக்கிளின் வட்டு நிர்வாகியான ஏஎஸ்எம்முக்குரிய குழு) என்றும் மாற்றி, அனுமதியை 0660 ஆக்கினேன்; அதாவது உரிமையாளரும் குழுவும் மட்டும் படிக்கலாம், எழுதலாம். சில மாதங்கள் எந்தச் சிக்கலும் இல்லை.

அப்புறம் ஒரு இரவு, பேட்ச் போடுவதற்காக இரண்டாவது நோடை ரீபூட் செய்தோம். சர்வர் எழுந்தது, கிளஸ்டர் எழவில்லை. எந்த நோடுகள் உயிரோடு உள்ளன என்று கிளஸ்டர் குறித்து வைக்கும் வோட்டிங் வட்டு கிடைக்கவில்லை என்றது லாக். போய்ப் பார்த்தால் எல்லா வட்டுகளும் மறுபடி ரூட்டின் பேரில் இருந்தன. லினக்ஸில் வட்டுகளின் பெயர்கள் இருக்கும் டெவ் அடைவு வட்டில் சேமிக்கப்படுவதில்லை. ஒவ்வொரு பூட்டிலும் நினைவகத்தில் புதிதாக உருவாகிறது. நான் கையால் கொடுத்ததற்கு அடுத்த பூட் வரைதான் ஆயுள்.

சரி, மறுபடி கொடுத்துவிடலாம் என்று கட்டளையைத் தட்டினேன். என்டர் அழுத்தும் முன் ஒன்று நினைவுக்கு வந்தது: இடையில் பேக்கப்புக்காகப் புதிய லன் (சேமிப்பகம் ஒதுக்கித் தரும் வட்டு) ஒன்றை இந்த நோடில் இணைத்திருந்தார்கள். எஸ்டிபி, எஸ்டிசி போன்ற பெயர்களை லினக்ஸ் வட்டுகளைக் கண்டறியும் வரிசையில்தான் வைக்கும்; அதனால் பெயர்கள் நகர்ந்திருக்கலாம். அளவை வைத்துப் பிரித்தறியலாம் என்றால் பேக்கப் வட்டும் கிளஸ்டர் வட்டும் 100 ஜிபி. ஒவ்வொரு வட்டுக்கும் தனியான, மாறாத ஸ்கஸி ஐடியை இரண்டு நோடிலும் எடுத்து ஒப்பிட்டேன். முதல் நோடில் எஸ்டிசி ஆக இருந்த வட்டு, இங்கே எஸ்டிடி. இங்கிருந்த எஸ்டிசிதான் பேக்கப் வட்டு. அந்த நீண்ட ஐடிகளில் கடைசி இரண்டு எழுத்துகள் மட்டுமே வேறு. என்டர் தட்டியிருந்தால் பேக்கப் வட்டில் எழுதும் உரிமை ஏஎஸ்எம்முக்குப் போயிருக்கும். அடுத்த முறை ஏஎஸ்எம்மின் வட்டுத் தொகுப்பான டிஸ்க் குரூப்பில் வட்டு சேர்க்கும்போது யாராவது அதையே காலி வட்டு என்று எடுத்திருக்கலாம்.

ஏஎஸ்எம் வட்டை அதன் தலைப்புப் பகுதியைப் படித்தே அடையாளம் காண்கிறது. எஸ்டிசியா எஸ்டிடியா என்பது அதற்குப் பொருட்டல்ல. பெயரை நம்பியது நான்தான்.

சாதனம் தெரிந்ததும் அதற்குப் பெயரும் அனுமதியும் கொடுப்பது லினக்ஸின் யுடெவ்; அன்றே அதற்கு விதி எழுதினேன். இன்ன ஐடி உள்ள வட்டு வந்தால் இன்ன உரிமையாளர், இன்ன குழு, 0660, கூடவே அந்த வட்டைச் சுட்டும் நிலையான பெயராக ஒரு சிம்லிங்க். அதே கோப்பு இரண்டு நோடிலும்.

ஒரே வட்டுக்குப் பல பாதைகள் வைக்கும் மல்டிபாத் உள்ள இடங்களில் இன்னொரு கண்ணியும் உண்டு. நான்கு பாதைகள் இருந்தால் ஒரே லன் நான்கு எஸ்டி பெயர்களில் தெரியும். மல்டிபாத் அவற்றை ஒன்றாகச் சேர்த்து எம்பாத்ஏ, எம்பாத்பி என்று பெயர் வைக்கும். அந்தப் பெயர்ப்பட்டியல் ஒவ்வொரு நோடிலும் தனித்தனிக் கோப்பு. ஒரு நோடின் எம்பாத்பி இன்னொன்றில் எம்பாத்சி ஆக இருக்கலாம். அதனால் ஐடிக்கு நேராக நானே மாற்றுப்பெயர் எழுதி, அதையே எல்லா நோடுகளிலும் வைக்கிறேன்.

இப்போதெல்லாம் கிளஸ்டரை ஒப்படைப்பதற்கு முன், 1 ஜிபி லன் ஒன்றை வேண்டுமென்றே ஒரு நோடில் மட்டும் இணைத்து, நோடுகளை ஒவ்வொன்றாக ரீபூட் செய்கிறேன். எழுந்தபின் எல்லா நோடுகளிலும் மாற்றுப்பெயரையும் ஐடியையும் வரிக்கு வரி ஒப்பிட்ட பிறகே கையெழுத்துப் போடுகிறேன்.