ஆர்க்டிக் இறையாண்மை: தேர்வுக்கு நான் படித்த முறை

சர்வதேச உறவுகள் முதுகலைப் படிப்பில் ஆர்க்டிக் பகுதியின் இறையாண்மையும் பாதுகாப்பும் எங்கள் பாடத்திட்டத்தில் இருந்தன. இப்போது இதைப் படிப்பவர்கள் நாளிதழ்ச் செய்திகளில் தொடங்காமல், 1982-ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையில் தொடங்க வேண்டும் என்பதே என் முதல் பரிந்துரை. பனி உருகுகிறது, வல்லரசுகள் போட்டியிடுகின்றன என்று யாரும் எழுதிவிடலாம். எந்த நீர்ப்பரப்பில் யாருக்கு என்ன உரிமை என்று பிரித்துக் காட்டும் விடைக்கே மதிப்பு அதிகம்.

கரையிலிருந்து 12 கடல் மைல் வரை கடலோர நாட்டுக்கு இறையாண்மை உண்டு. 200 கடல் மைல் வரை மீன், எண்ணெய் முதலிய வளங்களின் மீது மட்டும் உரிமை. அதற்கு அப்பாலும் கண்டத்திட்டு (நிலப்பரப்பின் கடலடித் தொடர்ச்சி) நீள்வதை அறிவியல் சான்றுகளால் நிறுவினால் கடலடி வளங்களின் மீதும் உரிமை கிடைக்கும். வடதுருவத்தை நடுவில் வைத்த வரைபடம் ஒன்றில் இவற்றை நான் கையால் குறித்துப் படித்தேன். 2007-இல் ரஷ்யர்கள் துருவத்தின் கடலடியில் கொடி நட்டது சட்டப்படி எந்த உரிமையையும் தராது என்பது அப்போது எளிதில் விளங்கியது.

பல தகராறுகளை மேலோட்டமாகப் படிப்பதைவிட, கனடாவின் வடதீவுகளுக்கிடையே அட்லாண்டிக், பசிபிக் பெருங்கடல்களை இணைக்கும் வடமேற்குக் கடல்வழியை மட்டும் ஆழ்ந்து படிப்பது பயன் தரும். அதைத் தன் உள்நாட்டு நீர்ப்பரப்பு என்கிறது கனடா. எல்லா நாட்டுக் கப்பல்களும் கடந்து செல்லக்கூடிய சர்வதேச நீரிணை என்கிறது அமெரிக்கா. 1969-இல் மான்ஹாட்டன் என்ற அமெரிக்க எண்ணெய்க் கப்பல் அவ்வழியே சென்றதற்கு மறு ஆண்டே, கனடா ஆர்க்டிக் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தை இயற்றியது. 1985-இல் போலார் சீ என்ற அமெரிக்கப் பனியுடைப்புக் கப்பல் அனுமதி கேட்காமல் சென்றபின், கனடா தன் ஆர்க்டிக் தீவுக்கூட்டத்தைச் சுற்றி நேர் அடிக்கோடுகளை, அதாவது உட்புற நீரை உள்நாட்டு நீராகக் காட்டும் எல்லைக் கோடுகளை, அறிவித்தது. 1988-இல் இரு நாடுகளும் தத்தம் நிலைப்பாட்டை விட்டுக்கொடுக்காமலே, அமெரிக்கப் பனியுடைப்புக் கப்பல்கள் கனடாவின் இசைவுடன் செல்லும் என்று உடன்பட்டன.

இங்கே ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 234-ஆம் பிரிவை மூல வடிவிலேயே படியுங்கள். ஆண்டின் பெரும்பகுதி பனி மூடிய கடலில் மாசைத் தடுக்கக் கடலோர நாடு தனி விதிகள் வகுக்கலாம் என்கிறது அது. பனி குறையக் குறைய அந்த அதிகாரத்தின் அடிப்படையே கேள்விக்குள்ளாகிறது. பருவநிலை மாற்றத்தையும் இறையாண்மையையும் இணைக்க இதைவிட வலுவான சான்றை நான் கண்டதில்லை.

அந்தப் பனியின் மீது தலைமுறைகளாக வாழும் இனுயிட் மக்களை விடையில் விட்டுவிடுவது பெரும் அநீதி. 1950-களில் கியூபெக்கின் வடபகுதியிலிருந்து இனுயிட் குடும்பங்களை ரெசொலூட், கிரைஸ் ஃபியோர்டு ஆகிய இடங்களுக்குக் கனடா அரசு இடம்பெயர்த்தது. தங்களைக் கொண்டு உயர் ஆர்க்டிக்கில் இறையாண்மையை நிலைநாட்டினார்கள் என்று அம்மக்கள் கூறுகிறார்கள். 2010-இல்தான் அரசு மன்னிப்புக் கேட்டது. ஆர்க்டிக் நீரின் மீது கனடாவின் இறையாண்மைக்கு இனுயிட் மக்களின் பயன்பாடும் துணைநிற்கிறது என்று இனுயிட் மக்களும் கனடா அரசும் 1993-இல் செய்துகொண்ட நுனவுட் உடன்பாடே ஒப்புக்கொள்கிறது.

பாதுகாப்புப் பகுதியைச் சுருக்கமாகப் படித்தால் போதும். ஆர்க்டிக் நாடுகளின் கூட்டுறவு மன்றமான ஆர்க்டிக் கவுன்சிலை உருவாக்கிய 1996 ஒட்டாவா பிரகடனம், இராணுவப் பாதுகாப்பை அதன் வரம்புக்கு வெளியே வைத்தது. ஃபின்லாந்து 2023-லும் ஸ்வீடன் 2024-லும் நேட்டோவில் சேர்ந்தபின், ஆர்க்டிக் கவுன்சிலின் எட்டு உறுப்பு நாடுகளில் ரஷ்யா மட்டுமே நேட்டோ கூட்டணிக்கு வெளியே நிற்கிறது. இந்தியாவைப் பற்றிக் கேட்டால், 2008-இல் நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளில் திறந்த ஹிமாத்ரி ஆய்வு நிலையம், 2013-இல் ஆர்க்டிக் கவுன்சிலில் கிடைத்த பார்வையாளர் தகுதி, 2022-இல் வெளியிட்ட ஆர்க்டிக் கொள்கை ஆகிய மூன்றையும் எழுதுங்கள்.